12 டெஸ்டர்கள், 14 நாட்கள்: ப்ளே ஸ்டோரில் முதல் ஆப் வெளியிடும் முன் ஆள் சேர்ப்பது எப்படி?

ஆப் எழுதி முடித்தாயிற்று. 25 டாலர் கட்டி, டெவலப்பர்களுக்கான தளமான கூகுள் ப்ளே கன்சோலில் கணக்கும் திறந்தாயிற்று. சரி, வெளியிடலாம் என்று போனால், ஆப்பை எல்லோருக்கும் வெளியிடும் புரொடக்‌ஷன் பக்கம் பூட்டிக் கிடக்கிறது. குறைந்தது 12 டெஸ்டர்களை வைத்து, தொடர்ந்து 14 நாட்கள் க்ளோஸ்டு டெஸ்டிங் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை) நடத்திவிட்டு வாருங்கள் என்கிறது கன்சோல். தனி ஆளாக ஆப் செய்பவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உழைத்துச் செய்த ஆப் ஒன்று 12 பேர் கிடைக்காமல் முடங்கிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அதனால் ஆள் தேடுவதில் தொடங்கி விண்ணப்பம் போடுவது வரை படிப்படியாக எழுதுகிறேன்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு ஆப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தினமும் வரும் பால், தண்ணீர் கேன் கணக்கைக் குறித்து வைத்து, மாதக் கடைசியில் மொத்தத் தொகையைச் சொல்லும் சின்ன ஆப்.

இந்த விதி யாருக்கு?

2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் டெவலப்பர் கணக்குகளுக்குத்தான் இந்தக் கட்டாயம். அதற்கு முன்பே கணக்கு திறந்தவர்களுக்கு இல்லை. நிறுவனக் கணக்குகளுக்கும் இல்லை, ஆனால் நிறுவனக் கணக்கு திறக்க டி-யு-என்-எஸ் எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் தனி எண்) வேண்டும். ஏற்கெனவே தொழிலைப் பதிவு செய்து நடத்துபவர் அந்த வழியில் போகலாம். 12 பேரைத் தேடும் வேலையைத் தவிர்ப்பதற்காக மட்டும் ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது வீண் அலைச்சல்.

முதலில் 20 டெஸ்டர்கள் என்று இருந்ததை 2024 டிசம்பரில் கூகுள் 12 ஆகக் குறைத்தது. பழைய வீடியோக்களில் 20 என்று கேட்டால் குழம்ப வேண்டாம். ஆப்பிள் பக்கம் இப்படி ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. அங்கே டெஸ்ட்ஃப்ளைட் என்ற ஆப்பிளின் சோதனை வசதி மூலம் 10,000 வெளி டெஸ்டர்கள் வரை சேர்க்கலாம், சேர்க்காமலும் வெளியிடலாம். எனவே இந்தப் பதிவு முழுக்க கூகுள் ப்ளே பற்றியதுதான்.

படி 1: ஆளைக் கூப்பிடும் முன் ஆப்பைத் தயார் செய்யுங்கள்

முதலில் இன்டர்னல் டெஸ்டிங். இதில் 100 பேர் வரை சேர்க்கலாம், ஆப் சீக்கிரமே அவர்கள் கைக்குப் போய்விடும். ஆனால் இங்கே சேரும் ஆட்கள் அந்த 12 பேர் கணக்கில் வரமாட்டார்கள். உங்கள் போனிலும் வீட்டில் உள்ள இன்னொரு போனிலும் போட்டு, திறந்த உடனே ஆப் மூடிக்கொள்கிறதா என்று பார்க்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, கன்சோலில் ஆப் பற்றிக் கேட்கும் படிவங்கள்: தனியுரிமைக் கொள்கைக்கான லிங்க், எந்தெந்தத் தகவலை ஆப் சேகரிக்கிறது, விளம்பரம் உண்டா, எந்த வயதினருக்கானது என்பவை. ஆப்புக்குள் போக லாகின் வேண்டும் என்றால், பரிசோதிப்பவர் நுழைய ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அங்கே கொடுத்தாக வேண்டும். இவை எல்லாம் முடிந்தால்தான் க்ளோஸ்டு டெஸ்டிங் ரிலீஸைப் பரிசீலனைக்கு அனுப்ப முடியும். கூகுள் அதையும் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே டெஸ்டர்கள் சேரும் லிங்க் வேலை செய்யும். லிங்க் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் ஆட்களுக்கு அனுப்பாதீர்கள். முதல் முறை தட்டும்போதே பிழை வந்தால் பாதிப் பேர் மறுபடி முயற்சி செய்யமாட்டார்கள்.

நாடுகளைத் தேர்ந்தெடுக்கும் பகுதி ஒன்று க்ளோஸ்டு டெஸ்டிங் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் சித்தப்பா, துபாயில் நண்பர் என்று ஆட்களைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாடுகளையும் டிக் செய்யுங்கள். இந்தியாவை மட்டும் வைத்துவிட்டால், லிங்க் சரியாக இருந்தும் அவர்களால் இன்ஸ்டால் செய்ய முடியாது.

படி 2: மெயில் பட்டியலா, கூகுள் குரூப்பா?

டெஸ்டர்களை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். ஒன்று, ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியையும் வாங்கி நீங்களே பட்டியலில் போடுவது. இன்னொன்று, ஒரு கூகுள் குரூப் தொடங்கி, அந்த குரூப்பின் முகவரியைக் கன்சோலில் கொடுத்துவிடுவது. குரூப்பில் சேர்ந்த யாரும் டெஸ்டில் சேரலாம்.

தெரிந்தவர்களை வைத்தே நடத்துவதாக இருந்தால் மெயில் பட்டியலே போதும். யார் சேர்ந்தார், யார் சேரவில்லை என்று பின்தொடர அதுதான் எளிது. முகம் தெரியாதவர்களையும் அழைக்கப் போகிறீர்கள் என்றால் குரூப் வசதி. அப்படிச் செய்தால், உறுப்பினர் பட்டியலை உரிமையாளர் மட்டுமே பார்க்கும்படி குரூப் அமைப்பில் மாற்றிவிடுங்கள். உங்களை நம்பி மெயில் கொடுத்தவரின் முகவரி ஊர் பேர் தெரியாத இன்னொருவர் கண்ணில் படக்கூடாது.

படி 3: யாரைக் கேட்பது?

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 12 தலை எண்ணிக்கைதான் இலக்கு என்று நினைத்தால் சொந்தக்காரர்கள், கல்லூரி நண்பர்கள் என்று ஒரு மாலைக்குள் நிரப்பிவிடலாம். ஆனால் 14 நாளும் அவர்கள் ஆப்பைத் திறக்கவேண்டும், குறை சொல்லவேண்டும். பின்னால் விண்ணப்பத்தில் டெஸ்டர்கள் ஆப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கூகுள் கேட்கிறது. அதனால் உங்களைத் தெரிந்தவர்களைவிட, ஆப் தேவைப்படுபவர்களைத் தேடுவதே நல்லது.

நம் பால் கணக்கு ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விடுதியில் தங்கி வேலைக்குப் போகும் நண்பனுக்கு அதில் என்ன இருக்கிறது? சேர்வான், ஒரு தடவை திறப்பான், மறந்துவிடுவான். ஆனால் காலண்டரில் தினமும் பால் பாக்கெட்டைக் குறித்து வைக்கும் பக்கத்து வீட்டு அக்கா யாரும் சொல்லாமலே தினமும் திறப்பார். "நேத்து பால் வரலை, அதை எப்படிக் குறிக்கிறது?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பத்துப் பேர் அனுப்பும் கட்டை விரல் எமோஜியைவிட உங்களுக்கு உதவும்.

ஆகவே முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த ஆப் தீர்க்கும் பிரச்சினை யாருக்கெல்லாம் தினமும் இருக்கிறது? அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களின் வீட்டார், கேன் போடும் கடைக்காரர் என்று பெயர்கள் தானாக வரும். பாடம் படிக்க உதவும் ஆப் என்றால் டியூஷன் ஆசிரியர்கள், விளையாட்டு என்றால் ஏற்கெனவே அந்த வகை விளையாட்டில் மூழ்கிக் கிடப்பவர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ‘உன் ஆப்பை நான் டெஸ்ட் செய்கிறேன், என் ஆப்பை நீ செய்’ என்று டெவலப்பர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ரெடிட், டெலிகிராம் குழுக்கள். ஆள் சுத்தமாகக் கிடைக்காதபோது இது கைகொடுக்கும், சக டெவலப்பர்கள் பிழைகளை நுணுக்கமாகவும் சொல்வார்கள். ஆனால் ஒரே நேரத்தில் பல ஆப்களைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் ஆப்பைத் தினமும் திறப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நான்கைந்து பேரை இப்படிச் சேருங்கள், மொத்தப் பட்டியலையும் இதை வைத்தே நிரப்பாதீர்கள். காசு கொடுத்தால் 12 பேர் தருகிறோம் என்று சொல்லும் சேவைகள் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே கிடைப்பது எண்ணிக்கை மட்டும்தான். விண்ணப்பத்தில் எழுத உங்களிடம் ஒன்றும் இருக்காது.

12 தான் தேவை என்றாலும் 18, 20 பேரையாவது சேருங்கள். போன் மாற்றுபவர், ஊருக்குப் போய்விடுபவர், ஆர்வம் போய்விடுபவர் என்று சிலர் கண்டிப்பாகக் குறைவார்கள்.

படி 4: எப்படிக் கேட்பது?

குழுவில் பொதுவாகப் போடும் செய்திக்குப் பதில் குறைவாகத்தான் வரும். தனித்தனியாக அனுப்புங்கள். முதல் செய்தியில் லிங்க் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் அக்கா. பால், தண்ணீர் கேன் கணக்கு குறிக்க ஒரு ஆப் செய்திருக்கிறேன். வெளியிடுவதற்கு முன் கொஞ்சம் பேர் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது கூகுளின் விதி. தினமும் ஒரு நிமிடம் ஆகும். பணம் எதுவும் கட்ட வேண்டாம். உங்களுடையது ஆண்ட்ராய்டு போன்தானே? விருப்பம் இருந்தால் ப்ளே ஸ்டோரில் இருக்கும் உங்கள் ஜிமெயில் முகவரியை மட்டும் அனுப்புங்கள். பாஸ்வேர்ட், ஓடிபி எதையும் நான் கேட்கமாட்டேன், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்."

கடைசி வரி முக்கியம். லிங்க் அனுப்பி ஏமாற்றும் கூட்டம் பெருகிவிட்ட காலத்தில் அவர் பயப்படுவது நியாயம். அந்தப் பயத்தை நாமே முதலில் பேசிவிட்டால் நம்பிக்கை வரும். வயதானவர்களுக்குச் செய்தி அனுப்புவதைவிடப் போனில் பேசிவிடுங்கள்.

படி 5: சேர்ப்பது

பட்டியலில் மெயிலைப் போட்டதோடு ஒருவர் டெஸ்டர் ஆகிவிடுவதில்லை. அவர் லிங்க்கைத் திறந்து, டெஸ்டராகச் சேரும் பட்டனைத் தட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கணக்கில் வருவார். அப்புறம் அதே பக்கத்தில் உள்ள ப்ளே ஸ்டோர் லிங்க் வழியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

பெரும்பாலான தடங்கலுக்குக் காரணம் ஒன்றுதான்: ஒரே போனில் இரண்டு ஜிமெயில். அவர் உங்களுக்குக் கொடுத்தது ஒரு முகவரி, ப்ரௌசர் திறந்திருப்பது மகன் போட்டுக்கொடுத்த இன்னொரு முகவரியில். ஆப் கிடைக்கவில்லை என்று வரும். அவரிடம் ப்ளே ஸ்டோரைத் திறக்கச் சொல்லுங்கள், மேலே வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தட்டச் சொல்லுங்கள். அங்கே தெரியும் முகவரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி, பட்டியலில் அதையே போடுங்கள். முதலிலேயே இந்த ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டு வாங்கிவிட்டால் இன்னும் நல்லது, எழுத்துப்பிழையும் வராது.

அப்படியும் வரவில்லை என்றால் போனின் ஆண்ட்ராய்டு பதிப்பைக் கேளுங்கள். உங்கள் ஆப் ஆதரிக்கும் குறைந்தபட்சப் பதிப்பைவிடப் பழைய போனாக இருக்கலாம். கட்டண ஆப் என்றால் க்ளோஸ்டு டெஸ்டிங்கில் டெஸ்டரும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: அந்த 14 நாட்கள்

12 பேர் சேர்ந்துவிட்டார்களா என்று கன்சோலின் டாஷ்போர்டில் தெரியும். 14 நாள் என்பது இடைவிடாத 14 நாள். நடுவில் டெஸ்டிலிருந்து விலகி மறுபடி சேர்ந்தவருக்கு முதல் நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். எனவே, "ஆப் பிடிக்கவில்லை என்றாலும் என்னிடம் சொல்லுங்கள், டெஸ்டிலிருந்து மட்டும் வெளியேறாதீர்கள்" என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தினமும் ‘ஆப் திறந்தீர்களா?’ என்று கேட்டு நச்சரிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு சின்ன வேலை கொடுங்கள். ‘இன்றைக்கு ஒரு நாள் பால் வரவில்லை என்று குறித்துப் பாருங்கள்’, ‘விலை ஏறினால் எங்கே மாற்றுவது என்று கண்டுபிடிக்க முடிகிறதா?’ என்பது போல. பதிலைக் குரல் பதிவாக அனுப்பச் சொன்னால் தயங்குபவர்களும் அனுப்புவார்கள். ப்ளே ஸ்டோர் வழியாகவும் டெஸ்டர்கள் கருத்து எழுதலாம், அது உங்களுக்கு மட்டுமே தெரியும், ஸ்டார் மதிப்பீட்டைப் பாதிக்காது.

வருவதை எல்லாம் ஒரு ஷீட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்: என்ன சொன்னார், எந்த போன், நீங்கள் என்ன மாற்றினீர்கள். இந்த இரண்டு வாரத்துக்குள் ஓரிரு அப்டேட் வெளியிடுங்கள், ஒவ்வொரு முறையும் வெர்ஷன் கோடை (ஆப்பின் ஒவ்வொரு பதிப்புக்கும் கொடுக்கும் எண்) ஏற்ற மறக்காதீர்கள். அப்டேட் போடுவதால் 14 நாள் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்காது.

படி 7: விண்ணப்பம்

நாள் முடிந்ததும் டாஷ்போர்டில் புரொடக்‌ஷன் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் பட்டன் உயிர் பெறும். கேள்விகள் மூன்று பகுதி: நடத்திய டெஸ்ட் பற்றி, ஆப் பற்றி, வெளியிடத் தயாரா என்பது பற்றி. ஆட்களைச் சேர்ப்பது எவ்வளவு எளிதாக இருந்தது, டெஸ்டர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள், கருத்தை எப்படி வாங்கினீர்கள், அதை வைத்து என்ன மாற்றினீர்கள் என்றெல்லாம் வரும். மேலே சொன்ன ஷீட் இருந்தால் பதில் உங்கள் கையில் இருக்கிறது.

‘டெஸ்டர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், சில பிழைகளைச் சரிசெய்தோம்’ என்று எழுதுவது எதையும் சொல்லாத பதில். ‘பால் வராத நாளைக் குறிக்க வழி இல்லை என்று டெஸ்டர்கள் வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். தேதியை நீண்ட நேரம் அழுத்தினால் ‘வரவில்லை’ என்று குறிக்கும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்த்தோம்’ என்பது பதில். உண்மையில் நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

பரிசீலனை வழக்கமாக 7 நாட்களுக்குள் முடியும், சில சமயம் கூடுதலாகும். முடிவு கணக்கு உரிமையாளரின் மெயிலுக்கு வரும். டெஸ்டர்கள் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் மனம் தளர வேண்டாம். ஆப்பைத் திறந்து பார்ப்பவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, திறக்காதவர்களுக்குப் பதிலாக ஆப் தேவைப்படும் புதியவர்களைச் சேர்த்து, டெஸ்டைத் தொடர்ந்து நடத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அனுமதி வந்தாலும் ஆப் தானாக வெளியே போய்விடாது. புரொடக்‌ஷனில் தனியாக ரிலீஸ் உருவாக்கி, நாடுகளைத் தேர்ந்தெடுத்து, மறுபடி பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். அது ஸ்டோரில் தெரிய ஆரம்பித்ததும் டெஸ்டர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி சொல்லி, அதே லிங்க்கில் போய் டெஸ்டிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். டெஸ்டராக இருக்கும் வரை பொது விமர்சனம் எழுத முடியாது. விலகி, வெளிவந்த பதிப்பை இன்ஸ்டால் செய்த பிறகு, மனதில் பட்டதை அவர்கள் விருப்பம்போல எழுதலாம்.