005.133 எப்படி 5.133 ஆனது? நூலக வினாடி வினாவில் ஒரு சிக்கல்

நூலக அறிமுக வகுப்பை எல்லாருக்கும் ஒரே உரையாக நடத்தாமல், அவரவர் பாடத்துக்கேற்ற தேடல் விளையாட்டாக மாற்றியிருந்தேன். நூலை அலமாரியில் கண்டுபிடித்து, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் வகைப்பாட்டு எண்ணைக் கைபேசியில் தட்டினால் அடுத்த துப்பு திறக்கும். வானியல் மாணவர்களுக்கு 523 உடனே திறந்தது. கணினி மாணவர்கள் 005.133 என்று சரியாகத் தட்டியும் ‘தவறு’ என்றே வந்தது.

முதலில் விசைப்பலகைப் புள்ளியைச் சந்தேகித்தேன். பிறகு எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இடைவெளியை. பிறகு உலாவியின் தற்காலிக நினைவகத்தை. எதுவும் இல்லை.

இதழியல் மாணவருக்கு 070 திறக்கவில்லை என்றதும்தான் பொறி தட்டியது. நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டூயி தசமப் பகுப்பில் கணினி, இதழியல் இரண்டுமே 000 வகுப்பு. எண்கள் சுழியத்தில் தொடங்கும். விடைப் பட்டியலான சிஎஸ்வி கோப்பை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய உரைக் கோப்பு) எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால், முன் சுழியங்களை அது விழுங்கிவிடுகிறது; சேமித்தால் கோப்பிலும் போய்விடும். 5.133 என்று தட்டிப் பார்த்தேன். திறந்தது!

நெடுவரிசையை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றினாலும் போன சுழியம் வராது. நூற்பட்டியலிலிருந்து கோப்பைப் புதிதாக எடுத்து, எக்செலின் ‘தரவு’ பகுதி வழியாக இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை ‘உரை’ என்று குறித்த பிறகே ஏற்றினேன். சரியாகிவிட்டது. இப்போது மூலப் பட்டியலை எக்செல் கோப்பாகவே வைத்திருக்கிறேன். சிஎஸ்வியைச் சரிபார்க்க நோட்பேட் மட்டும்தான்.