ஐரிஷ் நாட்டுப்பாடல்: புதிதாகப் பாட வருகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

டப்ளினில் நாங்கள் கூடிப் பாடும் இடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். சுருதி, உச்சரிப்பு பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை பாடப் பாடத் தானாகச் சரியாகிவிடும். பாட்டு வரிகளைக் கையாளும் விதம் அப்படிச் சரியாவதில்லை.

பல வடிவங்களை வெட்டி ஒட்டுவது

இன்றைக்கும் என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். 'விஸ்கி இன் த ஜார்' பாட்டில் வழிப்பறிக்காரன் ஒருவன், ராணுவ கேப்டனிடம் பறித்த பணத்தைக் காதலியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவன் தூங்கும்போது அவள் துப்பாக்கி மருந்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி, அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். டப்ளினர்ஸ் என்ற நாட்டுப்பாடல் குழு பாடியதில் அவள் ஜென்னி. 1972-இல் தின் லிஸி என்ற ராக் குழு பாடியதில் மோலி. கேப்டனும் சில வடிவங்களில் ஃபாரல், வேறு சிலவற்றில் பெப்பர்.

அண்மையில் ஓர் இளைஞர், கிடைத்த வரிகளையெல்லாம் சேர்த்து 'முழுப் பாட்டு' என்று பாடினார். பணத்தை ஜென்னி வாங்கிக்கொண்டாள், தண்ணீரை மோலி ஊற்றினாள். பணத்தை வாங்கிய அதே கைதான் துரோகம் செய்கிறது என்பதுதானே பாட்டின் உயிர்? அது அங்கேயே செத்துவிட்டது.

'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்' பாட்டில் நஷ்டம் இன்னும் பெரியது. பழைய வரிகளை வைத்துக் கவிஞர் பாட்ரிக் கொலம் எழுதியது, 1909-இல் ஹெர்பர்ட் ஹியூஸின் தொகுப்பில் வந்தது. கடைசிச் சரணத்தில் காதலி கனவில் வருகிறாள். சிலர் 'இளங்காதலி' என்று பாடுவார்கள், சிலர் 'இறந்த காதலி' என்று. முதல் வகையில், அவள் காலடி ஓசையே கேட்கவில்லை என்ற வரி வரும்போதுதான் அவள் இறந்துவிட்டாள் என்பது கேட்பவருக்கு மெல்ல உறைக்கும். 'இறந்த' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அது வேறு பாட்டு, வேறு தொனியில் பாட வேண்டியது. இரண்டையும் குழப்பிப் பாடினால் இரண்டும் கிடைக்காது.

ஒரு பாடகரைப் பிடியுங்கள். அவர் பாடும் வடிவத்தை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். பாடும்போது அது யாருடைய வடிவம் என்று சொல்லுங்கள். ஒரு வரியை மாற்றத் தோன்றினால் தாராளமாக மாற்றலாம். ஆனால் மற்ற சரணங்கள் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

பேச்சை வெட்டி எறிவது

ஷான் நோஸ் பாணியில், அதாவது ஐரிஷ் மொழியில் பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடும் பழைய மரபில், பாடுகிறவர்கள் பலர் கடைசிச் சொற்களைப் பாடாமல் சாதாரணப் பேச்சாகச் சொல்லி முடிப்பார்கள். பாட்டு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். புதியவர்கள் அதைப் பிசகு என்று நினைத்து, இழுத்துப் பாடி முடிக்கிறார்கள். அப்புறம், பாட்டுக்கு முன் சொல்லப்படும் கதை. மேற்கு அயர்லாந்தில் கானமாராவின் கார்னாவில் 1919-இல் பிறந்த பாடகர் ஜோ ஹீனி இதில் பேர்போனவர். ஐரிஷ் மொழிப் பாடல்கள் பலவற்றில் துயரம் இருக்கும், நடந்தது என்ன என்பது இருக்காது. அதைச் சொல்வது அந்த முன்கதைதான். ஒலிப்பதிவில் அதைத் தாண்டிவிட்டு நேரே பாட்டுக்குப் போகிறவர்கள், யார் யாருக்காக அழுகிறார்கள் என்றே தெரியாமல் பாடுகிறார்கள்.

நடுவில் கேட்கும் குரல்கள்

ஒலிப்பதிவில் பாட்டின் நடுவே கேட்கும் குரல்கள் கேட்பவர்கள் போடும் சபாஷ். வரிகளோடு சேர்த்து எழுதாதீர்கள்.

புரியாத அசைகள்

'விஸ்கி இன் த ஜார்' பல்லவியில் வரும் 'மஷ ரிங் டம டூ' என்பதற்கெல்லாம் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தாளத்தோடு நாக்கு புரண்டால் போதும். ஆனால் 'ஷூல் அரூன்' பல்லவி அப்படியல்ல. அது ஐரிஷ் மொழி, போருக்குப் போகிறவனை நினைத்து ஒரு பெண் பாடுவது. அமெரிக்கா போய்ச் சேர்ந்த வடிவங்களில்தான் அது தேய்ந்து வெறும் ஒலியாகிவிட்டது. அயர்லாந்து வடிவத்தைப் பாடுவதானால், ஐரிஷ் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து அந்த நாலு வரியைக் கேட்டுக்கொண்டு பாடுங்கள்.