கன்று போட்ட மாடு பருவத்துக்கு வரவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு மட்டும் காங்கேயம் மாடு புதிதாக வாங்கிய மூன்று இளைஞர்கள் ஒரே கேள்வியோடு என் கட்டுத்தரைக்கு வந்துவிட்டார்கள். "கன்று போட்டு ஏழு மாதம் ஆகிறது, மாடு இன்னும் பருவத்துக்கு வரவில்லையே, அண்ணா?"

சினைக்காலம் சுமார் 285 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், ஈன்ற 80 நாளுக்குள் மாடு மறுபடி சினை பிடித்தாக வேண்டும். குடற்புழு மருந்து, தண்ணீர் போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வற்றிய மாட்டைப் பட்டினி போடுவது

என் மயிலை (சாம்பல் நிறக்) கிடாரி முதல் சினையாக இருந்தபோது நான் செய்தது இது. பால் தராத மாட்டுக்குப் பிண்ணாக்கு எதற்கு என்று கடைசி மூன்று மாதமும் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், விட்டுவிட்டேன். மாசி, பங்குனி, சித்திரை. கொழுக்கட்டைப் புல் காய்ந்து துரும்பாகியிருந்தது. வயிறு பெருத்துக்கொண்டே போனதால் மாடு தேறுகிறது என்று நம்பினேன். பெருத்தது கன்றுதான், அதன் எடையில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில்தான் கூடுகிறது.

ஈன்ற மறுநாள் முதுகைத் தடவினேன். தண்டெலும்பு கயிற்று முடிச்சுகளைப் போலக் கையில் தட்டுப்பட்டது. வாலடியின் இருபுறமும் குழி விழுந்திருந்தது. பதறிப்போய்ப் பருத்திக்கொட்டை, கடலைப் பிண்ணாக்கு, கம்பு மாவு என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தனையும் பாலாகிக் கன்றின் வயிற்றுக்குப் போனது. மயிலை பருவத்துக்கு வந்தது பதினோராவது மாதத்தில். ஏறக்குறைய ஒரு கன்றையே இழந்தேன்.

மாட்டின் உடம்பு முதலில் தன் உயிரைக் காக்கும், பிறகு பால் சுரக்கும். கரு தரிப்பது கடைசியில்தான். உடம்பில் சேமிப்பு இல்லையென்றால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய தூண்டுதல் குறைந்துவிடும்; முட்டை முதிர்ந்து வெளிவராது. இறைச்சிக்காக மாடு வளர்க்கும் அமெரிக்கப் பண்ணைகளில் உடல்நிலைக்கு 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஈனும்போது 5, முதல் ஈற்றுக்கு 6 இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கு எளிது: பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டு விலாவுக்கு மேல் எண்ண முடிந்தால், அந்த மாட்டுக்கு அன்றே தீவனத்தைக் கூட்டுவேன். ஈன்ற பிறகு அல்ல, ஏழாம் மாதச் சினையிலேயே.

"வற்றிவிட்டது, காட்டுக்கு ஓட்டிவிடு" என்று யாராவது சொல்லிக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மாடு வயிற்றில் ஒரு கன்றைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

ஊசியை நம்புவது

எலும்பும் தோலுமான மாட்டுக்கு ஹார்மோன் ஊசி போட்டுப் பணத்தை இழக்காதீர்கள்.

கன்றை நாள் முழுக்க உடன் விடுவது

கன்று ஊட்டும்வரை பருவம் தள்ளிப்போகும். மடி உறிஞ்சப்படுவது மட்டும் காரணமில்லை. தன் கன்று என்று மோந்து அறிந்த பாசமும் சேர்ந்துதான் தடுக்கிறது. வேறொரு கன்று ஊட்டினால் அந்த அளவுக்குத் தடை இல்லை. காங்கேயம் மாடு கன்று இல்லாமல் பால் இறக்காது என்பதால் அடியோடு பிரிக்க முடியாது. ஒரு மாதம் கழிந்தபின் நான் காலையும் மாலையும் மட்டும் ஊட்ட விடுகிறேன். மற்ற நேரம் தாயின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத இடத்தில் கன்றைக் கட்டுகிறேன்.

முதல் ஈற்று மாட்டைப் பெரிய மாடுகளோடு தீனிக்கு விடுவது

அதற்கு இன்னும் பல் மாறிக்கொண்டிருக்கிறது, உடம்பும் வளர்கிறது. தொட்டியில் முட்டித் தள்ளப்பட்டு ஒதுங்கி நிற்கும். தனியாகக் கட்டுங்கள்.

பகலில் மட்டும் பருவம் பார்ப்பது

விடியலிலும் இரவிலும் பாருங்கள்.

காத்துக்கொண்டே இருப்பது

ஈன்றபின் வரும் முதல் பருவம் பெரும்பாலும் கத்தலும் வழும்பும் (பின்புறம் ஒழுகும் சளி போன்ற திரவம்) இல்லாமல் கழிந்துவிடும். அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் 60 நாள் ஆகியும் எதுவும் தெரியவில்லை என்றாலோ, வழும்பில் சீழ் கலந்து வந்தாலோ, கால்நடை மருத்துவரை அழைத்துக் கருப்பையைப் பார்க்கச் சொல்லுங்கள்.