ஏஜெண்ட் தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரு காம்போனென்ட் ரெஜிஸ்ட்ரி

சிங்கப்பூரின் தேக்காவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு இணையக் கடை கட்டிக்கொண்டிருந்தேன். விலை காட்டும் காம்போனென்ட், வீவக (அடுக்குமாடி வீட்டு) முகவரிப் படிவம் எல்லாம் என்னிடம் ஏற்கெனவே இருந்தன. ஆனால் எனக்குக் கோடு எழுதித் தரும் ஏஐ ஏஜெண்ட் அவற்றைச் சீண்டவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் புதிதாக எழுதித் தள்ளியது. ஓரிடத்தில் யூனிட் எண்ணுக்குப் பெட்டியே கிடையாது. அதன் பிறகுதான், காம்போனென்ட்களைப் புராஜெக்ட்டுக்குள் நகலெடுத்துத் தரும் ஷாட்சிஎன் கருவியை வைத்து எனக்கென்று ஒரு ரெஜிஸ்ட்ரி, அதாவது தேடி எடுக்கக்கூடிய காம்போனென்ட் பட்டியல், போட்டேன்.

ரியாக்ட், டெயில்விண்ட் ஓடுகிற புராஜெக்ட் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: பட்டியல்

புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் 'ரெஜிஸ்ட்ரி டாட் ஜேசன்' என்று ஒரு கோப்பு. அதில் ரெஜிஸ்ட்ரியின் பெயர், முகப்பு முகவரி, 'ஐட்டம்ஸ்' என்ற பட்டியல். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நேம், டைப், டிஸ்கிரிப்ஷன், ஃபைல்ஸ். சாதாரணக் காம்போனென்ட்டுக்கு 'ரெஜிஸ்ட்ரி:யுஐ' என்ற டைப் போதும். பேஜ், ஃபைல் என்ற டைப்களுக்கு மட்டும் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை 'டார்கெட்'டில் சொல்லியாக வேண்டும்.

படி 2: பில்ட்

'என்பிஎக்ஸ் ஷாட்சிஎன் பில்ட்' என்று ஓட்டுங்கள். 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் 'ஆர்' என்று ஒரு ஃபோல்டர் உருவாகி, ஐட்டத்துக்கு ஒரு ஜேசன் வந்து விழும். உங்கள் கோடு அந்த ஜேசனுக்குள்ளேயே நகலாகப் போய்விடுகிறது. இதை நான் யோசிக்கவில்லை.

என் விலைக் காம்போனென்ட் 2023இல் எழுதியது. அப்போது பொருள், சேவை வரி 8 விழுக்காடு. 2024 ஜனவரி முதல் 9. மூலக் கோப்பில் 9 என்று மாற்றினேன், பில்ட் ஓட்ட மறந்துவிட்டேன். ஏஜெண்ட் சமர்த்தாகப் பழைய ஜேசனை எடுத்துப் போட்டது. கடைக்கார அண்ணன்தான் கண்டுபிடித்தார்: "தம்பி, 10 வெள்ளி 90 காசு சாமானுக்கு வரி 90 காசுதானே? இங்கே 81 காசு காட்டுதே?" அன்றிலிருந்து ஒவ்வொரு கமிட்டுக்கு முன்பும் பில்ட் தானாக ஓடுகிற மாதிரி வைத்துவிட்டேன். ஞாபக சக்தியை நம்பாதீர்கள்.

படி 3: டிஸ்கிரிப்ஷன்

என் நேரத்தை அதிகம் தின்றது இந்த ஒற்றை வரிதான். ரீட்மீ கோப்பில் இரண்டு பக்கத்துக்கு அழகாக எழுதி வைத்திருந்தேன். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் தேடும்போது ஏஜெண்ட் கண்ணில் படுவது பெயரும் இந்த வரியும்தான்.

முதலில் 'விலைக் காட்சி' என்று தமிழிலேயே எழுதினேன், கடையே தமிழ்க் கடை என்பதால். நான் தமிழில் கேட்டாலும் ஏஜெண்ட் தேடியது 'பிரைஸ்' என்று. என் வரியில் அந்தச் சொல் இல்லை, ஆகவே கிடைக்கவில்லை; உடனே சொந்தமாக எழுத ஆரம்பித்துவிட்டது. அடுத்து 'பிரைஸ் காம்போனென்ட்' என்று மாற்றினேன். இப்போது கிடைத்தது, ஆனால் வரி சேர்க்காத விலையை உள்ளே கொடுத்தது. சிங்கப்பூரில் வாடிக்கையாளருக்குக் காட்டுவது வரி சேர்த்த விலையாக இருக்க வேண்டும் என்பதை நான் எங்கேயும் எழுதவில்லையே!

இப்போது உள்ள டிஸ்கிரிப்ஷன், தமிழில் சொன்னால், இப்படி: 'விலை, கட்டணம், வரி காட்டுவதற்கு. வரி சேர்த்த தொகையைக் கொடு. அதில் 9/109 பங்கை வரியாகப் பிரித்துக் காட்டும். வரி சேர்க்காத தொகையைக் கொடுக்காதே. ரசீதுக்கு இதைப் பயன்படுத்தாதே.' அசல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தேடக்கூடிய சொற்கள் முன்னால், என்ன கொடுக்க வேண்டும் என்பது நடுவில், எங்கே வேண்டாம் என்பது கடைசியில். 'அழகான', 'நவீன' போன்ற அடைமொழிகளை எல்லாம் தூக்கிவிட்டேன். ஏஜெண்ட் என்ன, கல்யாணத்துக்குப் பெண்ணா பார்க்கிறது?

'டாக்ஸ்' என்று இன்னொரு ஃபீல்டும் உண்டு. காம்போனென்ட்டைச் சேர்த்து முடித்ததும் டெர்மினலில் தெரிகிற குறிப்பு அது. முகவரிப் படிவத்துக்கு அதில் 'அஞ்சல் குறியீடு 6 இலக்கம்; எண்ணாக மாற்றாதே, சரமாகவே (எழுத்துத் தொடராக) வை' என்று போட்டிருக்கிறேன். நம் குறியீடுகளில் பல பூஜ்யத்தில் தொடங்குகிறவை. எண்ணாக்கினால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போய்விடும்.

படி 4: இணைப்பு

கடைப் புராஜெக்ட்டில் இருக்கும் 'காம்போனென்ட்ஸ் டாட் ஜேசன்' கோப்பில், 'ரெஜிஸ்ட்ரீஸ்' என்பதன் கீழ் '@கடை' என்று பெயர் வைத்து, உங்கள் 'ஆர்' ஃபோல்டர் இருக்கும் இணைய முகவரியைக் கொடுங்கள். முகவரியின் கடைசியில் நெளிவு அடைப்புக்குள் 'நேம்' என்று அப்படியே, அதை ஒட்டி 'டாட் ஜேசன்' என்று இருக்க வேண்டும். காம்போனென்ட்டின் பெயரை அங்கே எழுதிவிடாதீர்கள். அப்புறம் 'என்பிஎக்ஸ் ஷாட்சிஎன் எம்சிபி இனிட்' என்று ஓட்டுங்கள். எம்சிபி என்பது ஏஜெண்ட் வெளிக் கருவிகளோடு பேசுகிற வழி. எந்த ஏஜெண்ட் என்று கேட்கும், சொல்லிவிடுங்கள். நான் கிளாட் கோடு பயன்படுத்துகிறேன். அதில் 'எம்சிபி' என்ற சாய்கோட்டுக் கட்டளையைக் கொடுத்தால் இணைந்துவிட்டதா என்று தெரியும்.

ஏஜெண்டுக்கான குறிப்புகள் இருக்கும் 'ஏஜெண்ட்ஸ் டாட் எம்டி' கோப்பிலும் (கிளாட் கோடு என்றால் 'கிளாட் டாட் எம்டி') ஒரு வரி சேருங்கள்: 'விலை, முகவரி எதையும் எழுதும் முன் @கடையில் தேடு.' ஒரு வரி போதும். பத்து வரி எழுதிப் பார்த்தேன், பயன் கூடவில்லை.

இதை என்பிஎம் பேக்கேஜாக ஏன் போடவில்லை என்றால், ரெஜிஸ்ட்ரியில் கோடு நம் புராஜெக்ட்டுக்குள்ளேயே நகலாக வந்துவிடும். ஏஜெண்ட் அதைப் படித்துத் திருத்தலாம். பேக்கேஜுக்குள் போய் நோண்டுவது தலைவலி.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், "என் பட்டனுக்குப் பதிலாக ஷாட்சிஎன்னின் பட்டன் வந்து உட்காருகிறது" என்று எழுதியிருந்தார். 'ரெஜிஸ்ட்ரி டிபென்டென்சீஸ்' என்ற ஃபீல்டில் வெறுமனே 'பட்டன்' என்று போட்டால் அது ஷாட்சிஎன்னின் சொந்த ரெஜிஸ்ட்ரிக்குத்தான் போகும். '@கடை/பட்டன்' என்று எழுதுங்கள், அல்லது முழு முகவரியைக் கொடுங்கள்.

இன்னொருவருக்கு ஏஜெண்ட் பட்டியலையே காட்டவில்லை. அவர் ஐட்டம் கோப்புகளை மட்டும் சர்வரில் ஏற்றியிருந்தார். அதே 'ஆர்' ஃபோல்டரில் 'ரெஜிஸ்ட்ரி டாட் ஜேசன்' கோப்பும் இருக்க வேண்டும். ஏஜெண்ட் முதலில் தேடுவதே அதைத்தான். ஏற்றியதும் வேலை செய்தது என்று எழுதினார்.