சுண்டெலி வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுண்டெலி வாங்கியதும் எல்லாரும் கேட்பது, என்ன தீனி போடுவது என்றுதான். தீனி பெரிய சிக்கல் இல்லை. எலிகளுக்கென்று விற்கும் உருண்டைத் தீனியே அடிப்படை, காய்கறி கொஞ்சம். சூரியகாந்தி விதையை மட்டும் கை நிறைய அள்ளிப் போடாதீர்கள், கொழுப்பு ஏறிவிடும். கோலாலம்பூரில் வளர்ப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது கூண்டு எங்கே இருக்கிறது, அங்கே காற்று எப்படி என்பதைத்தான்.

வளர்ப்புச் சுண்டெலிக்கு 20 முதல் 26 டிகிரி வரை ஏற்ற சூடு. நம் ஊர் மதியம் சாதாரணமாகவே 32, 33-ஐத் தொடும். சுண்டெலிக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டில் ஒரு பங்கு வால் வழியாக வெளியேறும், அவ்வளவுதான். இது தெரியாமல், நாற்றம் வருகிறது என்று கூண்டை பால்கனிக்குத் தள்ளிவிடுகிறோம். மேற்கு வெயில் விழும் அடுக்குமாடி பால்கனியில், அதுவும் கண்ணாடித் தொட்டியில் விட்டால், ஒரு மதியத்திலேயே செத்துப்போகும். வீட்டுக்குள் வெயில் படாத மூலையே நல்லது. உள்ளே ஒரு தரை ஓடு வையுங்கள், அதன்மேல் படுத்துக்கொள்ளும். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஓரமாக வெளியே சாய்த்து வைக்கலாம். மின்விசிறிக் காற்று நேராக அடிக்க வேண்டாம்.

அடுத்தது புகை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, இரவில் கொசுவர்த்தி, கரப்பானுக்கு அடிக்கும் மருந்து என்று நம் வீட்டில் எதற்கும் குறைவில்லை. சுண்டெலியின் நுரையீரல் மிகவும் மென்மையானது. கடையிலிருந்து வரும் பலவற்றுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஏற்கெனவே உடம்பில் இருக்கும். புகையோ தூசியோ மூத்திர நெடியோ சேர்ந்தால் அது தலைதூக்கும். எனவே சாமி அறைக்கும் கூண்டுக்கும் நடுவே ஒரு கதவாவது இருக்கட்டும். டிங்கிக்காகப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் அன்று கூண்டை வேறு வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். புகைமூட்ட நாட்களில் சன்னலைச் சாத்துங்கள். வாசமாக இருக்கிறதே என்று பைன், சீடார் மரச்சுருளைப் பரப்புவதும் தப்பு, அந்த வாசமே மூச்சுக்குக் கெடுதல். காகிதப் படுகை போதும். கூடு கட்ட வெள்ளை டிஷ்யூ கிழித்துப் போடுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் காலில் சுற்றிக்கொள்ளும்.

நாற்றத்துக்குப் பயந்து கூண்டை ஒட்டுமொத்தமாகக் கழுவுபவர்களும் உண்டு. தன் வாசம் போய்விட்டதென்று ஆண் எலி இன்னும் அதிகமாக மூத்திரம் விட்டுக் குறியிடும். நனைந்த இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். முழுதாக மாற்றும்போது பழைய கூட்டிலிருந்து காய்ந்த ஒரு பிடியை உள்ளேயே விடுங்கள்.

ஜோடியாக இருக்கட்டும் என்று ஆணையும் பெண்ணையும் சேர்த்து வாங்குவார்கள். பாவம், அப்புறம் குட்டிகளை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் தவிப்பார்கள். சினைக்காலம் ஏறக்குறைய 20 நாள். ஈன்ற மறுநாளுக்குள்ளேயே திரும்பவும் சினைப்படும். பாம்புக்குத் தீனியாக விற்கிற கடைகளில் எல்லாம் ஒரே தொட்டியில் கிடப்பதால், தனியாக வாங்கிய பெண்கூடச் சினையாக இருக்கலாம். இரண்டு பெண்களாக வாங்குங்கள், தனிமை அவற்றுக்கு ஆகாது. ஆண்களைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் இரத்தக் காயம்தான்.

வெள்ளெலிக் கூண்டின் கம்பி இடைவெளியில் இளஞ்சுண்டெலி நுழைந்து வெளியேறிவிடும். வெளியே பசைப்பொறி இருக்கும், சாக்கடை எலியும் இருக்கும். தீனியை மூடி போட்ட டப்பாவிலேயே வையுங்கள். ஊர் எலியின் மூத்திரம் பட்டால் எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரலாம்.

பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: வாலைப் பிடித்துத் தூக்காதே. நுனியைப் பிடித்து இழுத்தால் வாலின் தோல் உறைபோல உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு கையையும் கிண்ணமாக்கி அள்ளச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு தரமாவது எலியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். மூச்சோடு ‘டிக் டிக்’ என்று சன்னமாகச் சத்தம் வந்தால், முடி சிலிர்த்துக் கூனி உட்கார்ந்திருந்தால், கண்ணோரம் சிவப்பாகக் கசிந்தால் காத்திருக்க வேண்டாம். அந்தச் சிவப்பு பெரும்பாலும் இரத்தமல்ல, நோயிலும் அழுத்தத்திலும் சுரக்கும் நிறப்பொருள். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கும் எலி பார்க்காது, முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். சின்னப் பெட்டியில் அதன் பழைய படுகையோடு, வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். வழியில் தண்ணீர்ப் புட்டி சிந்தி நனைக்கும், ஒரு துண்டு வெள்ளரிக்காய் போட்டால் போதும்.