சின்னத் தீர்மானத்தைப் பெரிதாக்காதீர்கள்: முசார் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் எலூல் மாதம் பிறந்ததும் எங்கள் இணையவழிப் படிப்பு வட்டத்தில் புதிதாகச் சிலர் சேர்கிறார்கள். யூதப் புத்தாண்டுக்கு முந்தைய அந்த மாதம், மனிதன் தன் ஆண்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் காலம். நான் யூதன் அல்லன்; ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகளாக முசார் என்னும் யூத ஒழுக்கப் பயிற்சியில், என் நடத்தையைக் குறித்துவைக்கும் ஏட்டை எழுதிவருகிறேன். அன்று நான் செய்த பிழைகளையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. சோம்பல், மறதி போன்றவை எல்லாரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதின்மூன்றையும் ஒன்றாகத் தொடங்குவது

வேண்டாம். யூத அறிஞர் மெனாகெம் மெண்டல் லெஃபின் 1808இல் வெளியிட்ட ‘ஹெஷ்போன் ஹநெஃபெஷ்’ (ஆன்மக் கணக்கு) நூல், பெஞ்சமின் பிராங்க்ளினின் முறையைத் தழுவி, வாரத்திற்கு ஒரு பண்பு எனப் பதின்மூன்று பண்புகளை ஆண்டுக்கு நான்கு சுற்றாகப் பயிலச் சொல்கிறது.

வெற்றி கண்டதும் அளவைக் கூட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். முசாரில் ஒரு பண்பை வளர்க்க ஏற்கும் சிறு செயலைக் ‘கப்பாலா’ என்பார்கள். யூத மறைஞானத்தைக் குறிக்கும் அதே சொல்தான் என்றாலும், இங்கே அதற்கு ஏற்றுக்கொண்டது என்று மட்டுமே பொருள். நான் ஏற்றுக்கொண்டது மிக அற்பமானது: மனைவி பேசத் தொடங்கினால், அவர் முதல் வாக்கியத்தை முடிக்கும்வரை கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைப்பேன். பதினொரு நாள் தவறாமல் நடந்தது. வட்டத்தில் பெருமையாகச் சொன்னபோது, “இவ்வளவுதானா? மாலை ஆறு மணிக்கு மேல் கைப்பேசியே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாமே” என்றார் ஒருவர். எனக்கும் அது வளர்ச்சியாகவே பட்டது. மூன்றாம் நாள் இரவு அலுவலக அழைப்பு வந்தது, எடுத்தேன். பெரிய தீர்மானம் அத்துடன் போயிற்று. சின்னதும் கூடவே போனதை நான் கவனிக்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து, “கவிழ்த்து வைக்கிற பழக்கமும் போச்சா?” என்று மனைவி கேட்டபோதுதான் உறைத்தது. வெட்கத்தால் மூடிய ஏட்டை மறுபடி திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதில் ‘அதிகம் பிடித்தவன் எதையும் பிடிக்கவில்லை’ என்றொரு விதி உண்டு. மறைநூல் வரியொன்றுக்குப் பெரிய அளவு, சிறிய அளவு இரண்டும் பொருந்துமானால், உறுதியான சிறிய அளவையே கொள்ள வேண்டும் என்பதற்கு எழுந்த சட்ட விதி அது. முசார் ஆசிரியர்கள் அதை மனத்துக்கும் பொருத்துகிறார்கள். யூத மெய்யியலாளர் மைமோனிடீஸ், தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா நூலுக்கு 12ஆம் நூற்றாண்டில் எழுதிய உரையிலும் காரணம் இருக்கிறது: ஆயிரம் பொற்காசுகளைத் தகுதியான ஒருவருக்கு ஒரே தடவையில் கொடுப்பவனைவிட, ஆயிரம் தடவை ஒவ்வொரு காசாகக் கொடுப்பவனுக்கே ஈகைக் குணம் படியும், கை அத்தனை முறை திறந்து பழகுகிறது. பதினொரு நாளில் என் கை பதினொரு நாள் அளவுக்குத்தான் பழகியிருந்தது. இப்போதும் அதே முதல் வாக்கியம்தான் என் கப்பாலா; கூட்டச் சொல்பவரிடம் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

சபதம் செய்வது

யூதச் சட்டத்தில் நேர்ச்சை கட்டுப்படுத்தக்கூடியது, மீறினால் பாவம். அதனால்தான் விவரமறிந்தவர்கள் எந்தத் தீர்மானத்தையும் ‘பிளி நெதெர்’, அதாவது நேர்ச்சையாக அன்றி, என்று சேர்த்தே சொல்கிறார்கள்.

ஏட்டைப் பிறரிடம் காட்டுவது

காட்டாதீர்கள்.

விட்ட நாளை ஈடுகட்டுவது

இந்தத் தவறு தல்மூத் படிப்பில் தெளிவாகத் தெரியும். நாளொரு பக்கமாகத் தல்மூத் படிக்கும் ‘தஃப் யோமி’ முறையை 1923இல் வியன்னாவில் யூத மதகுரு மெயிர் ஷபீரோ முன்வைத்தார். மொத்தம் 2,711 பக்கங்கள். ஐந்து நாள் விட்டவர் ஆறாம் நாள் ஆறு பக்கம் படிக்க உட்கார்ந்து, ஏழாம் நாள் காணாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் இன்றைய பக்கத்தில் சேர்ந்துகொள்ளட்டும். விட்ட பக்கங்கள் ஏழரை ஆண்டு கழித்து அடுத்த சுற்றில் தாமாகவே வரும்.