கற்பனையுலகப் பாத்திர விளையாட்டைக் குளக்கட்டிலிருந்து தொடங்குதல்

விளையாடுபவர் ஒரு பாத்திரமாகிக் கற்பனையுலகொன்றில் முடிவெடுத்துச் செல்லும் கணினி விளையாட்டே கற்பனையுலகப் பாத்திர விளையாட்டு. முதன்முதலாக அப்படியொன்றைச் செய்ய முற்படுபவர்கள் பெரும்பாலும் ஏழு நாடுகளும் பனிமலைகளும் கொண்ட வரைபடத்தோடு தொடங்கி, இரண்டாவது நாட்டை முடிப்பதற்குள் களைத்துப்போகிறார்கள். இலங்கையின் வன்னியிலிருந்து இதைச் செய்பவருக்கு ஒரு குளம், அதன் கட்டு, நீரைத் திறந்துவிடும் துருசு, கீழே வயல், மேலே காடு என்பனவே போதும். குளத்தை நம்பி வாழும் ஊரில் ஒருவர் எடுக்கும் முடிவு அடுத்தவரைத் தொடாமல் போகாது; இவ்வகை விளையாட்டுக்கு உயிர் கொடுப்பதும் அதுதான்.

விளையாடுபவருக்குக் கொடுக்கும் முதற் பணியாகச் சிறுபோகத்தை, அதாவது குளத்துநீரை நம்பிச் செய்யும் கோடைகால நெற்செய்கையை, எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் நீர் குறைவு, வயல் காய்கிறது, நன்னீர் மீன்பிடிப்பவர்களோ நீர் இன்னும் இறங்கக்கூடாது என்கிறார்கள். துருசைத் திறப்பதா என்பதை விளையாடுபவர் தீர்மானிக்கட்டும். நீர்மட்டம், விளைச்சல், மீனவரின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் மூன்று மாறிகளாக, அதாவது விளையாட்டு நினைவில் வைத்து மாற்றிவரும் மதிப்புகளாக, வைத்து, அந்த ஒரு முடிவால் மூன்றும் மாறும்படி எழுதுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்று குறையவேண்டும். குறையாவிட்டால் அங்கே தெரிவு எதுவும் இல்லை. மாயத்தை வேறெங்கும் தேடத் தேவையில்லை, குளக்கட்டில் ஐயனார் இருக்கிறார். ஆயினும் மக்கள் இன்றும் கும்பிடும் தெய்வத்தை வெட்டி வீழ்த்தும் எதிரியாக்குவது எனக்கு உவப்பில்லை. இரவில் கட்டின்மேல் கேட்கும் குளம்பொலியாக அவர் வந்துபோனாலே போதும்.

சண்டையைக் கணினியில் எழுதுவதற்கு முன்னரே தாளில் நடத்திப் பாருங்கள். இந்த வகையே 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டில், தாளும் தாயக்கட்டையுமாகத்தான் தொடங்கியது. பாலைப்பழக் காலத்தில் பழம் தின்ன வரும் கரடியை எடுத்துக்கொள்வோம். கரடிக்கு உயிர் 40, தாக்குதல் 10, தற்காப்பு 4. உங்கள் பாத்திரத்துக்கு உயிர் 30, தாக்குதல் 12, தற்காப்பு 3. தாக்குதலிலிருந்து எதிராளியின் தற்காப்பைக் கழித்தால், நீங்கள் அடிக்கு 8, கரடி அடிக்கு 7. முதலடி உங்களுடையதானால் ஐந்தாவது அடியில் கரடி விழும். அதற்குள் அது நாலு முறை அடித்து 28 உயிரை எடுத்திருக்கும், எஞ்சுவது 2. நெஞ்சு படபடக்கும் சண்டை. ஆனால் தற்காப்பை 10 ஆக்கும் கவசமொன்றைக் கொடுத்தீர்களோ, கரடி சும்மா தடவுகிறது. கழித்தற் கணக்கின் ஆபத்து இது. ஆகவே குறைந்தது 1 உயிராவது போகும் என்று விதி வையுங்கள். பழம் தீரும்வரை காத்திருந்து, சண்டையே இன்றிக் கடந்துபோகும் வழியையும் திறந்து வையுங்கள்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விளையாட்டுகளை உருவாக்க உதவும் கொடொட் (Godot) என்னும் மென்பொருள் இலவசமானது, பழைய மடிகணினியிலும் சிறிய இருபரிமாண விளையாட்டுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் நான்காம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியதையே எடுங்கள். மூன்றாம் பதிப்பு தமிழின் கொம்புகளை உரிய இடத்தில் வைக்காது. உரையாடலை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும்போது இன்னொரு சிக்கல் உண்டு: கணினிக்குக் ‘கி’ என்பது இரண்டு குறியீடுகள் என்பதால், முதலில் ‘க’ தோன்றிப் பிறகு ‘கி’யாக மாறும். ‘கொடு’ என்ற சொல் ‘க’, ‘கொ’, ‘கொட’, ‘கொடு’ என்று திக்கித் திக்கி வரும். குறியீடுகளை எண்ணாமல் முழு எழுத்துகளை எண்ணி வெளியிடுங்கள். அல்லது சொல் சொல்லாகக் காட்டுங்கள், வாசிக்கவும் அதுவே இதம்.

முடிந்ததும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வாய்திறவாமல் பக்கத்தில் இருங்கள். என் விளையாட்டை முதலில் விளையாடிய மருமகன், துருசைத் திறந்ததற்குக் கைம்மாறாக நெல் கொடுக்கும் ஆச்சியிடம் திரும்பத் திரும்பப் போனான். “மாமா, இந்த ஆச்சி எத்தினை தரம் கதைச்சாலும் நெல்லுத் தாறா” என்றான். நெல் கொடுத்தாயிற்றா என்று பார்க்கும் ஒரு மாறியை நான் வைக்க மறந்திருந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்தபின் ஆச்சி, “தந்தாச்சுத் தம்பி, கட்டுப்பக்கம் போய்ப் பார், தண்ணி எவ்வளவு இறங்கிட்டுது எண்டு” என்கிறார். அவனும் போய்ப் பார்த்தான்.